மறு: 'கேம்பிட்' – தூண்டிலா, கொடையா?

அனைவருக்கும் வணக்கம்.

சதுரங்கத்தின் தொடக்கத்தில் ஆதாயம் கருதிச் சிப்பாய் போன்ற காயை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பதுதான் 'கேம்பிட்'. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இந்த மடலாடலில் 'தூண்டில்', 'பலி', 'இடறி', 'கொடை' ஆகியவை பேசப்படுகின்றன. முந்தைய மடலில் ஐயா முன்வைத்த 'தூண்டில்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. எவன்ஸ் கேம்பிட்டையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் டேவிஸ் எவன்ஸ் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். அப்படிப்பட்டவர் 1820களில் லண்டனில் வலுவான ஆட்டக்காரரான மெக்டொனலை இந்தத் தொடக்கத்தை ஆடித்தான் வீழ்த்தினார். இன்றைய வழக்கமான வரிசையில், வெள்ளை நான்காவது நகர்த்தலில் பி4 கட்டத்துக்குச் சிப்பாயை நீட்டும். கறுப்பு மந்திரி (பிஷப்) அதை வெட்டியதும் சி3 ஆடி மந்திரியை விரட்டும், அப்புறம் டி4. போனது ஒரு சிப்பாய். கிடைத்தது நடுக்கட்டங்களும் நேரமும். இதில் மறைவு எங்கே இருக்கிறது? 1995இல் ரீகாவில் காஸ்பரோவ் இதை ஆடியபோது எதிரே இருந்தவர் ஆனந்த். தெரிந்தேதான் வெட்டினார், 25 நகர்த்தல்களில் தோற்றார். தூண்டிலைத் தெரிந்து கவ்வும் மீன் உண்டா?

'பலி' வேண்டாம். நடு ஆட்டத்தில் குதிரையையோ யானையையோ கொடுத்துத் தாக்குவதற்கு அது இருக்கட்டும்.

'இடறி' என்றவர் இத்தாலிய வேரைப் பிடித்திருக்கிறார். காலை இடறிவிடுவதுதான் மூலப்பொருள், சரி. ஆனால் 'இடறி மறுப்பு' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

என் வாக்கு 'கொடை'க்கு. எதிராளி ஏற்கலாம், மறுக்கலாம் என்பதுதான் கேம்பிட்டின் உயிர். கொடை ஏற்பு, கொடை மறுப்பு, எதிர்க்கொடை எல்லாம் தாமாகவே அமைந்துவிடுகின்றன. 'குயின்ஸ் கேம்பிட்' என்ற தொடக்கத்தை 'ராணிக் கொடை' என்றால் ராணியையே கொடுப்பதாகப் படும். அதை 'ராணிப்பக்கக் கொடை' என்று சொல்லலாம். கொஞ்சம் நீளம், வேறு வழியில்லை.

கைம்மாறு கருதாததுதானே கொடை, இங்கே வட்டியோடு திரும்ப எதிர்பார்க்கிறார்களே என்று அடுத்த மடலில் யாராவது மடக்குவீர்கள். நெல்லைப் பக்கம் அம்மனுக்குக் கொடை கொடுப்பவர்கள் ஒன்றும் கேட்காமலா கொடுக்கிறார்கள்?

டேனிஷ் கேம்பிட்டில் இரண்டு சிப்பாய்கள் போகின்றன. அதற்காக 'இரட்டைக் கொடை' என்று தனிச்சொல் கட்ட வேண்டியதில்லை, 'டேனியக் கொடை' போதும். மறுப்பு இருந்தால் வெறும் சொல்லாக எழுதாமல், ஓர் ஆட்டக் குறிப்பில் பொருத்திக் காட்டி எழுதுங்கள்.