மறுமொழி: ஹைப்பர்லூப்புக்கு ‘மீவளையம்’ வேண்டாம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய குழாய்க்குள் பெட்டிகளை மிக வேகமாக ஓட்டும் போக்குவரத்தான ஹைப்பர்லூப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். மீவளையம், காந்தக் குழாய்வண்டி, வெற்றிடத் தொடர்வண்டி, தாழழுத்தக் குழாய் என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீவளையம். ஹைப்பர்டெக்ஸ்டுக்கு மீயுரை வைத்தோம், அதே முறையில் ஹைப்பருக்கு மீ, லூப்புக்கு வளையம் என்று கோவை ஐயா எழுதியிருந்தார். 2013 ஆகஸ்டில் ஈலான் மஸ்க் வெளியிட்ட அறிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் வளையத்துக்கு ஒரு நியாயம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே போக ஒரு குழாய், வர ஒரு குழாய், இரண்டும் சேர்ந்து ஒரு மூடிய சுற்று, 35 நிமிடப் பயணம் என்பதுதான் அதில் இருந்த திட்டம். ஆனால் உண்மையில் கட்டப்பட்டவற்றைப் பாருங்கள். லாஸ் வேகாஸுக்கு வடக்கே நெவாடா பாலையில் ஹைப்பர்லூப் ஒன் நிறுவனம் போட்டது 500 மீட்டர் நீளமும் 3.3 மீட்டர் விட்டமும் உள்ள ஒரே ஒரு நேர்க்குழாய். நம் சென்னைப் பக்கம் தையூரில் ஐஐடி மெட்ராஸ் அமைத்திருக்கும் சோதனைத் தடமும் 400 மீட்டரைச் சற்றுத் தாண்டும் நேர்க்குழாய்தான். வளையம் எங்கே?

‘மீ’ இன்னும் சிக்கல். எல்லாவற்றையும் மிஞ்சும் என்று அந்த வண்டி தந்த வாக்குறுதியைத்தான் அது சொல்கிறதே தவிர வண்டியைச் சொல்லவில்லை. வாக்குறுதி என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். ஹைப்பர்லூப் ஒன், 2014இல் ஷெர்வின் பிஷேவரும் புரோகன் பாம்புரோகனும் தொடங்கிய நிறுவனம். 2016 மே மாதம் பத்திரிகையாளர்களைப் பாலைவனத்துக்கு அழைத்து, திறந்த வெளித் தண்டவாளத்தில் ஒரு சோதனைச் சறுக்குவண்டியை ஓடவிட்டார்கள். ஓரிரு நொடியில் அது மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிப் போய் மணலில் புகுந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. பிரேக் அப்போது இல்லை, மணல்தான் பிரேக். அந்த ஆண்டே நிறுவனர்களுக்குள் வழக்கு வந்து, ஆண்டு முடிவதற்குள் சமரசமும் ஆனது. 2017இல் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் குழுமம் பணம் போட்டதால் பெயரும் வர்ஜின் ஹைப்பர்லூப் ஒன் என்று மாறியது. அந்த டிசம்பரில் ஆளில்லாத பெட்டி மணிக்கு 387 கிலோமீட்டர் தொட்டது. 2018இல் மகாராஷ்டிர அரசோடு மும்பை - புணே தடத்துக்கு ஒப்பந்தம். 2020 நவம்பர் 8 அன்று முதன்முதலாக மனிதர்கள் இருவர் ஏறினார்கள். வேகம் 172 கிலோமீட்டர், பயணம் 15 நொடி.

அந்த 172ஐ நிறையப் பேர் தோல்வி என்று எழுதினார்கள். அது நியாயமில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் கணக்கே அதுதான். 500 மீட்டர் குழாயில் பாதி வேகமெடுக்க, பாதி நிறுத்த. உள்ளே இருப்பவர் சங்கடப்படாமல் தாங்குவது நொடிக்கு நொடி ஐந்து மீட்டர் வேகமாற்றம் என்று வைத்தால், 250 மீட்டரில் கிடைப்பது நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் குழாயில் மனிதரை ஏற்றிக்கொண்டு அதற்கு மேல் போக வழியே இல்லை. இதே கணக்கில் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுப் பிறகு நிற்க வேண்டுமானால் 15 கிலோமீட்டருக்கு மேல் நேர்க்குழாய் வேண்டும். வளைவும் அப்படித்தான், அந்த வேகத்தில் ஒரு திருப்பத்தின் ஆரமே 15 கிலோமீட்டரைத் தாண்டும். மும்பையிலிருந்து புணேவுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஏறிப் போனவர்கள் அந்தச் சரிவுகளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள், நிலமும் சுரங்கமும் எவ்வளவு கேட்கும் என்று புரியும். பொறியாளர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், நீளக் குழாய் கட்டக் காசும் இடமும் தர யாரும் முன்வரவில்லை. 2022 பிப்ரவரியில் 111 பேரை அனுப்பிவிட்டுச் சரக்குப் போக்குவரத்துக்கு மாறினார்கள். அந்த ஆண்டிலேயே வர்ஜின் பெயரும் போயிற்று. சுமார் 45 கோடி டாலர் திரட்டிய நிறுவனம் 2023 முடிவோடு மூடப்பட்டது, காப்புரிமைகள் பெரும்பங்கு வைத்திருந்த துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டுக்குப் போயின.

நிறுவனம் போனாலும் கருவி போகவில்லை, தையூரில் பையன்களும் பெண்களும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்வதற்கு, மூடப்பட்ட ஒரு கம்பெனியின் விளம்பரத்தை மொழிபெயர்த்துப் பெயராகத் தருவதா? புகைவண்டியை நினைத்துப் பாருங்கள். நீராவி எஞ்சினோடு புகை போன பிறகு அந்தப் பெயர் பொருந்தாமல் போனது, பெட்டிகள் தொடர்ந்து வருவதைச் சொன்ன தொடர்வண்டி இன்றும் பொருந்துகிறது. மிதிவண்டியும் அப்படியே.

காந்தக் குழாய்வண்டி இதே காரணத்தால் ஆகாது. மஸ்க் அறிக்கையில் வண்டியைத் தூக்கி நிறுத்துவது காந்தமில்லை, அடியில் பீய்ச்சும் காற்று மெத்தை. ஹைப்பர்லூப் ஒன்தான் காந்தத்துக்கு மாறியது. நாளைக்கு வேறொன்று வரும். வெறும் குழாய்வண்டி என்றாலோ ‘டியூப்’ என்று அழைக்கப்படும் லண்டன் சுரங்க ரயிலும் அதற்குள் வந்துவிடும், 1870இல் நியூயார்க்கில் ஆல்பிரட் பீச் காற்றால் தள்ளி ஓட்டிய வண்டியும் வந்துவிடும். பீச்சின் வண்டியைக் காற்றுதான் தள்ளியது. இதில் காற்றுதான் தடை.

வெற்றிடம் என்பதும் பிழை. குழாயில் மஸ்க் கேட்ட அழுத்தம் 100 பாஸ்கல், வெளியே இருப்பதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார், முழு வெற்றிடத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் காப்பது, ஒரு சிறு கசிவு வந்தாலும், பெரும்பாடு. முழு வெற்றிடத்தில் ஓடும் ரயில் என்ற பழைய கனவு தனியாக இருக்கிறது, வெற்றிடத் தொடர்வண்டியை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

தாழழுத்தம் அறிவியலாகச் சரி. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு வங்கக் கடலும் ஐப்பசி மழையும்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் தாழமுக்கம் என்றால் வானிலைச் செய்தியேதான். யாழ்ப்பாணத் தோழி, ஐதான கரைசல் என்று உங்கள் பாடநூலில் இருப்பதைக் காட்டி ‘ஐதுவளி’ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. தமிழ்நாட்டில் நீர்த்த கரைசல் என்றே படித்தவர்களுக்கு ‘ஐது’ புரியாது என்பது ஒன்றுதான் தடை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மணிச்சாடிக்குள் மின்சார மணியை வைத்துப் பம்பால் காற்றை இழுக்கும் சோதனையை ஆண்டுதோறும் செய்து காட்டுவேன். சுத்தி அடிப்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், முழுதாக நிற்காது, காதை வைத்தால் எறும்பு ஊர்வது போல ஏதோ கேட்கும். ஏன் இன்னும் கேட்கிறது என்று போன ஆண்டு ஒரு வகுப்பில் கேட்டேன். முன்பெஞ்சில் இருந்த பெண், ‘காத்து போகல சார், கொறஞ்சிருக்கு’ என்றாள். இந்த இழையைப் படித்தபோது அவள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே என் பரிந்துரை ‘குறைவளிக் குழாய்வழி’. செமிகண்டக்டருக்குக் குறைகடத்தி என்று ஏற்கெனவே புழங்கும் சொல்லின் அச்சிலேயே இது நிற்கிறது. குறை என்றால் பழுது என்று தோன்றாதா என்று கேட்பீர்கள், குறைகடத்தியைப் பழுதான கடத்தி என்று எந்த மாணவரும் நினைத்து நான் பார்த்ததில்லை. தடம் முழுவதையும் குறிக்கக் குறைவளிக் குழாய்வழி, அதில் ஓடுவது குறைவளி வண்டி. ஹைப்பர்லூப் ஒன் என்பது நிறுவனத்தின் பெயர், அதை அப்படியே ஒலிபெயர்த்து எழுதலாம், பெயரைப் பெயர்க்க வேண்டியதில்லை.

குழாய்க்குள் ஆட்கள் உட்கார்ந்து போகும் பாட் (pod) என்பதற்குப் பேழை, கூடு, கலம் என்று மூன்று வந்திருக்கின்றன. பேழை அழகுதான், ஆனால் ரயில் பெட்டி என்று எல்லோரும் சொல்லும்போது இதற்கு மட்டும் எதற்குப் புதுச்சொல்? பெட்டியே போதும். தையூர் மாணவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று அங்கே தொடர்புள்ள யாராவது கேட்டு எழுதினால் நல்லது, சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.