முதுகுத்தண்டு அடிபட்ட தம்பிக்கு விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்வது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்த என் தம்பிக்கு எட்டு மாதங்களாக இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வயது 26. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். ஜெபிக்க வருபவர்கள், "விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பாய்" என்று அன்போடுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் படியிறங்கியதும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்படியென்றால் என் விசுவாசம் போதவில்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கிறான். இதற்கு என்ன பதில் சொல்வது? கால்கள் திரும்பாமலே போய், அதன் பிறகும் விசுவாசத்தோடு பிறருக்கு உதவியாக வாழ்ந்தவர்கள் உண்டா?

பதில் 1:
டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முகத்தில் பலத்த காயம்பட்டதோடு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் போனது. அவருக்காகவும் பலர் ஜெபித்தார்கள், கால்கள் திரும்பவில்லை. அது அவருடைய விசுவாசக் குறைவு என்று இன்று யாராவது சொல்வார்களா?

அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்டு, அந்த அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு வழிகாட்டினார். நரம்பு பாதிக்கப்பட்டு உட்புறமாக மடங்கிப்போன விரல்களை, நல்ல நிலையில் உள்ள வேறொரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) மாற்றிப் பொருத்தி நிமிர்த்துகிற நுட்பமான வேலை அது. சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி அதைச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் அதே துறையில் பயிற்சியும் முடித்துக்கொண்டு வேலூருக்குத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவருடைய கதையை ஒரே இரவில் நடந்த அற்புதம்போல மேடைகளில் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை; இடையில் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது!

பதில் 2:
மதுரைக்காரன் என்பதால் இன்னொருவரையும் சேர்க்கிறேன். அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் முதலில் மகப்பேறு மருத்துவராகத்தான் விரும்பினார் (இருவருக்கும் இந்த ஒற்றுமை வியப்பாக இருக்கிறது). முடக்குவாதம் அவரை நீண்ட காலம் படுக்கையில் தள்ளி, விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களைக் கண் அறுவைக்கான கத்தி பிடிக்கப் பழக்கினார். புதுச்சேரி ஆசிரமத்து ஸ்ரீ அரவிந்தரிடமும் அன்னையிடமும் அவருக்கிருந்த ஈடுபாடு ஊரறிந்தது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976இல், 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். விரல்கள் கடைசிவரை நேராகவில்லை.

பதில் 3:
அக்கா, நான் பன்னிரண்டு வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். தம்பியோடு விசுவாசத்தைப் பற்றி விவாதிக்கும் முன், அவருடைய முதுகையும் குதிகாலையும் பாருங்கள். உணர்வில்லாத இடத்தில் தொடர்ந்து அழுந்திப் புண் வந்தால் வலி வந்து எச்சரிக்காது. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நாற்காலியில் இருந்தால், இரு கைகளையும் ஊன்றி உடம்பைச் சற்று நேரம் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதையும் அடிக்கடி செய்ய வேண்டும். ஒரு கைக்கண்ணாடியை அவரிடமே கொடுத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று அவரையே தினமும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு விசுவாசம் திரும்பி வந்தது இந்த மாதிரி வேலைகளுக்கு நடுவில்தான். இப்போது புதிதாக அடிபட்டவர்களின் வீடுகளுக்குப் போய் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஜெபிக்க வருபவர்களை நிறுத்த வேண்டாம். புரட்டிவிட ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மேரி வர்கீஸைப் பற்றிய பதிலை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான். இரவு அவனே கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினான். இடது குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. காலையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம்.