கலைச்சொல்: பெண்ணாக இருந்து ஆணாகும் மீனுக்கு என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பவளப்பாறை மீன்கள் பற்றிய கட்டுரைக்கு இரண்டு சொற்கள் வேண்டும். பெண்ணாக முட்டையிட்டுப் பின்னர் ஆணாகும் நிலை புரோட்டோகைனி. ஆணாக இருந்து பெண்ணாகும் நிலை புரோட்டான்ட்ரி. தாவரவியல் பாடத்தில் இவற்றைப் 'பெண் முன்முதிர்வு', 'ஆண் முன்முதிர்வு' என்கிறோம். மீனுக்கு அது பொருந்தாது. பூவில் மகரந்தப்பையும் சூல்முடியும் கூடவே இருக்கின்றன. எது முந்தி முதிர்கிறது என்பது மட்டுமே அங்கே செய்தி. மீனிலோ சூலகம் சிதைந்து அதே இடத்தில் விந்தகம் உருவாகிறது.

மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீன் (லாப்ராய்டஸ் டிமிடியேட்டஸ்) இதற்கு நல்ல சான்று. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார். ஓர் ஆண், அதன் எல்லைக்குள் சில பெண்கள்; பெரியது சிறியதை அடக்கும் வரிசை. ஆண் மறைந்த சில மணி நேரத்திலேயே மூத்த பெண் ஆணைப்போல் எல்லையைச் சுற்றி வந்து மற்றவற்றை மிரட்டத் தொடங்கிவிடும். விந்து வெளிவர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

பொதுச்சொல்லாகப் 'பால்மாறல்' என்பதை முன்வைக்கிறேன். மாறு தன்வினை, மாற்று பிறவினை. மீன் தானாக மாறினால் பால்மாறல். பொரிப்பகத்தில் களவா மீனுக்கு மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்து ஆணாக்கினால் பால்மாற்றல். ஒரே எழுத்தில் வேறுபாடு தெளிவாகிவிடும்.

-----

மறுமொழி

> பொதுச்சொல்லாகப் 'பால்மாறல்'

தன்வினை, பிறவினைப் பிரிப்பு அழகானதுதான் ஐயா. ஆனால் 'பால்மாறுதல்' என்ற சொல்லுக்கு வழக்கில் வேறு பொருள் இருக்கிறது. 'எழுந்து போகப் பால்மாறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்' என்றால் சோம்பல்பட்டாள் என்று பொருள். மூத்த வாசகருக்கு அதுதான் முதலில் தோன்றும். எல்லோரும் அறிந்த 'பால்மாற்றம்' என்பதே பொதுச்சொல்லாக இருக்கட்டும். ஹார்மோன் கொடுத்துச் செய்வதைச் 'செயற்கைப் பால்மாற்றம்' என்றால் போதும். 'பாலின மாற்றம்' மட்டும் வேண்டவே வேண்டாம். பாலினம் மனிதரின் அடையாளத்தையும் வாழ்வையும் பற்றிய சொல். அதை மீனின் இனப்பெருக்கச் சுரப்பிக்குச் சூட்டினால் இரண்டு துறைகளும் குழம்பும்.

தொல்காப்பிய மரபியல் 'கடல்வாழ் சுறவும் ஏறெனப் படுமே' என்று ஆண் சுறாவை ஏறு என்பதால் 'ஏறாதல்' என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஏறு என்றதும் இன்று காளைதான் நினைவுக்கு வரும். ஆகவே எளிமையாக 'ஆணாதல்', 'பெண்ணாதல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

-----

மறுமொழி

'ஆணாதல்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது அம்மா. கோமாளி மீனைப் பாருங்கள். ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், இரண்டாவது அதன் இணையான ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாகும். சிறியவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு ஏறும். அந்தச் சிறியதும் 'ஆணாகிறது'தானே? ஆனால் அது ஒருநாளும் பெண்ணாக இருந்ததில்லை. அதன் சுரப்பியில் இரு திசுக்களும் முதிராமல் இருந்தன, அவ்வளவுதான். அது முதிர்வே தவிரப் பால்மாற்றம் அன்று. ஆக, ஒரு பாலாகச் செயல்பட்ட மீன் மறுபாலாவதற்கே ஆணாதல், பெண்ணாதல் என்ற வரையறையைச் சொல்லோடு சேர்த்தே தரவேண்டும்.

இனத்தைக் குறிக்கத் தனிச்சொல்லும் தேவை. 'பெண்முந்து இனம்', 'ஆண்முந்து இனம்' என்கிறேன். தாவரவியலின் முன்முதிர்வோடு உறவும் தெரியும்; முதிர்வு என்ற தவறான பொருளும் ஒட்டாது. இந்தச் சொல் பொரிப்பக வேலைக்கும் உதவும். ஆண்முந்து இனமா, விந்துக்குச் சிறிய மீனைத் தேடு. பெண்முந்து இனமா, பெரிய மீனைத் தேடு. கொடுவா ஆண்முந்து இனம். தாய்மீன் தொட்டியில் பெரிய கொடுவாக்களையே பார்த்துப் பார்த்துச் சேர்த்தால் முட்டை கிடைக்கும், கருவூட்ட விந்து கிடைக்காது. களவாவில் நேர்மாறு: சிறியவை மட்டும் இருந்தால் ஆணே இருக்காது. கடலிலும் இதே கணக்குத்தான். பெரிய களவாக்களையே தேடிப் பிடித்தால் முதலில் குறைவது ஆண்கள்.

கோமாளி மீன் வளர்ப்போர் இணை சேர்க்கும்போது பால் தெரியாத இளமீன்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் எடுத்து ஒரே தொட்டியில் விடுவார்கள். பெரியது பெண்ணாகும். ஏற்கெனவே பெண்ணான இரண்டைச் சேர்த்தால் சண்டைதான். பெண்ணானது திரும்ப ஆணாகாது, பிரிக்காவிட்டால் வலுவற்றது சாகும்.

-----

மறுமொழி

பெண்முந்து, ஆண்முந்து இரண்டையும் மனமார ஏற்கிறேன். ஒரு திருத்தம். கரீபியக் கடலின் நீலத்தலை மீன் (தலசோமா பைஃபேசியேட்டம்) பெண்முந்து இனம்தான். ஆனாலும் அதில் பிறப்பிலிருந்தே ஆணாக வளர்பவையும் உண்டு. அவற்றைப் 'பிறவி ஆண்' என்றும் மாறி வந்தவற்றை 'மாறிய ஆண்' என்றும் பிரிக்க வேண்டும்.

இதே மீனில் சூலகத்தை அகற்றிய பெண்களும், பெரிய ஆண் இல்லாத இடத்தில், ஆணின் நிறத்தையும் நடத்தையையும் பெற்றன. மாற்றம் சுரப்பியில் தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது என்பதற்கு இது வலுவான சான்று. அதனால் 'சுரப்பி மாற்றம்' என்பதைப் பால்மாற்றத்துக்கு ஈடாக யாரும் எழுதக்கூடாது. அது கடைசிப் படி. அரோமட்டேஸ் நொதி குறைகிறது, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உருவாவது தடைப்படுகிறது, சூலகம் சிதைகிறது என்ற தொடர் அதன் பிறகே வருகிறது. நொதியின் பெயர் அரோமட்டேஸ் என்றே இருக்கட்டும்.

கூட்டத்தின் பங்குக்குச் 'சமூகக் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். நமக்கு அது ஊர்க்கட்டுப்பாடாக ஒலிக்கும். 'கூட்டத் தூண்டல்' என்பதும் துப்புரவு மீனுக்குச் சரியாகாது. அங்கே ஆணின் அடக்குதல்தான் பெண்களை மாறவிடாமல் வைத்திருக்கிறது. அது போனதும் மாற்றம் தொடங்குகிறது. நடப்பது தூண்டல் அன்று, தடை விலகுவது. 'கூட்டத்தடை', 'தடைவிலகல்' என்ற இணையே பொருத்தம். ஓர் ஆணும் பல பெண்களும் உள்ள அமைப்புக்கு 'அந்தப்புரம்' வேண்டாம். 'ஓராண் கூட்டம்' போதும்.

பவளக் கிளைகளுக்குள் வாழும் கோபியோடான் மீன்கள் இரு திசையிலும் மாறும். கிளைவிட்டுக் கிளை போவது ஆபத்து என்பதால், சந்திக்கும் இரண்டும் ஒரே பாலாக இருந்தாலும் ஒன்று மாறி இணையாகிவிடும். அவற்றுக்கு 'இருவழி இனம்' என்று குறித்திருக்கிறேன். சூலகத் திசுவும் விந்தகத் திசுவும் கலந்து நிற்கும் இடைக்காலச் சுரப்பிக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'இடைநிலைச் சுரப்பி' என்றால் இளமீனின் முதிராத சுரப்பியோடு மயங்கும். 'மாறுநிலைச் சுரப்பி' சரிவருமா, சொல்லுங்கள்.