ஒரு குதிரைத்திறன் லேத்துக்கு எந்த இன்செர்ட்?

கொட்டகைலேத்:
வீட்டுக் கொட்டகையில் நாலரை அடி பழைய பெல்ட் லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வைத்திருக்கிறேன். மோட்டார் ஒரு குதிரைத்திறன்; உச்ச வேகம் நிமிடத்துக்கு 640 சுற்று. பட்டறை நடத்தும் சித்தப்பா, சிஎன்எம்ஜி 120408 இன்செர்ட் (கழற்றி மாற்றக்கூடிய கார்பைடு வெட்டு வில்லை) ஒரு பெட்டியும், அதைப் பிடிக்கும் 20 மி.மீ. ஹோல்டரும் கொடுத்தார். 25 மி.மீ. இஎன்8 எஃகுக் கம்பியில் 0.2 மி.மீ. கட் கொடுத்தால் லேத் அலறுகிறது. பரப்பு செதில் செதிலாகக் கிழிந்து வருகிறது. மாற்ற வேண்டியது இன்செர்ட்டா, லேத்தா?

நுனிக்கூர்:
இன்செர்ட்தான். அதன் பெயரிலேயே விடை இருக்கிறது. இரண்டாம் எழுத்தான ‘என்’, பக்கங்கள் செங்குத்தாக இருப்பதைக் குறிக்கும். அப்படிப்பட்ட இன்செர்ட் வேலைப்பொருளில் உரசாமல் இருப்பதற்காக, ஹோல்டர் அதை ஏறத்தாழ 6 டிகிரி கவிழ்த்துப் பிடிக்கிறது. கவிழ்ந்த விளிம்பு உலோகத்தைச் சீவுவதைவிடத் தள்ளிப் பெயர்ப்பதே அதிகம். கடைசி இரண்டு இலக்கமான 08, நுனி ஆரம் 0.8 மி.மீ. என்கிறது. நீங்கள் 0.2 மி.மீ. ஆழத்தில் கடையும்போது அந்த வளைவின் அடிப்பகுதி மட்டுமே உலோகத்தைத் தொடுகிறது; விசையின் பெரும்பங்கு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுவதில் போகிறது, கம்பி விலகித் திரும்புகிறது, அதுவே அலறல். சிசிஎம்டி 09டி304 வாங்குங்கள். பக்கச் சரிவு 7 டிகிரி, நுனி ஆரம் 0.4 மி.மீ.; பழைய லேத்துக்கு அதுதான் இதமானது.

எண்ணெய்க்கை:
சித்தப்பா கொடுத்ததைக் குறை சொல்வதற்கு முன்னால், கேள்வி கேட்டவர் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டாமா? 0.8 ஆரமுள்ள நுனிக்கு 0.2 கட் கொடுப்பது கடைதல் அல்ல, தேய்த்தல். ஒரு மி.மீ. ஆழமும் சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடும் (கம்பியின் நீளவாக்கில் டூல் நகரும் தூரம்) கொடுங்கள், சீவல் ஒன்பது வடிவில் உடைந்து விழும். சிஎன்எம்ஜியைப் புரட்டிப் போட்டால் 4 முனைகள் கிடைக்கும், சிசிஎம்டியில் 2 முனைகள்தான். ஃபினிஷ் பற்றியும் ஒரு சொல்: ஃபீடின் வர்க்கத்தை நுனி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரிகளின் உயரம் கிடைக்கும். 0.1 மி.மீ. ஃபீடில் 0.8 ஆரம் 1.6 மைக்ரான் விடும், நுனிக்கூர் சொன்ன 0.4 ஆரம் 3.1 மைக்ரான் விடும்.

நுனிக்கூர்:
கணக்கு சரி, ஆனால் டூல் அதிராமல் இருந்தால்தான் அது பொருந்தும். மேலும், ஃபீடை 0.07 ஆகக் குறைத்தால் 0.4 ஆரமும் அதே ஃபினிஷைத் தந்துவிடும். மோட்டார் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; நீங்கள் சொன்ன கட்டுக்கு அவருடைய வேகத்தில் சுமார் 400 வாட் போதும். டூலைக் குறுக்கே நகர்த்தும் தேய்ந்த கிராஸ் ஸ்லைடு தாங்குமா என்பதுதான் கேள்வி. அளவுக்குக் கொண்டுவரும் கடைசிக் கட்டுக்கு 0.2 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தால் என்ன செய்வார்?

எண்ணெய்க்கை:
மிஞ்சவிடக் கூடாது. கடைசி இரண்டு கட்டுகளையும் சம ஆழமாகப் பிரித்துக்கொண்டு, முதல் கட்டுக்குப் பின் அளந்து, இரண்டாவதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பல லேத்துகளில் டயலில் 0.2 நகர்த்தினால் விட்டத்தில் 0.4 குறையும் என்பதையும் அவர் சரிபார்க்கட்டும்; புதியவர்களின் பாதிக் குழப்பம் அங்கேதான்.

சாணைக்கல்:
இருவரும் வேகத்தை மறந்துவிட்டீர்கள். 25 மி.மீ. கம்பி 640 சுற்றில் ஓடினால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். கார்பைடு சௌகரியமாக வேலை செய்யும் 150 மீட்டருக்கு 1,900 சுற்று வேண்டும், அது அந்த லேத்தில் கிடையாது. இந்த மந்த வேகத்தில் சீவலின் துணுக்கு விளிம்பில் ஒட்டி வளர்ந்து, பிய்ந்து, பரப்பையும் கிழித்துக்கொண்டு போகும். அவர் சொன்ன செதில் அதுதான். சிசிஎம்டி போட்டாலும் முழுதாகப் போகாது. ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட் ஒன்றைச் சாணை பிடித்து, 380 சுற்றில், அதாவது 30 மீட்டர் வேகத்தில், கட்டிங் ஆயில் விட்டுக் கடையட்டும். 0.02 மி.மீ. கூடச் சீவி எடுக்கும். 1920-களில் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் ‘வைரம் போல’ என்ற பொருளில் விடியா என்று பெயரிட்டு விற்றதால், நம் பட்டறைகளில் கார்பைடு என்றாலே விடியாவாகிவிட்டது; வைரம் போன்றது வைரம் போலவே சில்லுச் சில்லாக உடையவும் செய்யும். சாவித்தடம் உள்ள தண்டைக் கடையும்போது, ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு அந்தப் பள்ளத்தில் மோதுகையில் தெரியும்.

நுனிக்கூர்:
வேகம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் சாணை பிடிக்கத் தெரியாதவரிடம் ஹெச்எஸ்எஸ் கொடுத்தால், தவறு கோணத்திலா கட்டிலா என்று அவரால் பிரித்தறிய முடியாது. இன்செர்ட்டில் கோணம் மாறாது, எனவே பிழையைத் தேடுவது எளிது. மெல்லிய கடைசிக் கட்டுக்கு, அலுமினியத்துக்கென விற்கும் சிசிஜிடி இருக்கிறது. விளிம்பு தீட்டப்பட்டது, மேற்பூச்சு இல்லாதது, மெருகேற்றியது. அதை எஃகிலும் பயன்படுத்தலாம்.

சாணைக்கல்:
பயன்படுத்தலாம், கம்பியின் மேல்தோல் கருப்பாக இல்லாதவரை. ஒருமுறை டூல் பதிந்திருக்கும்போதே லேத்தை நிறுத்தினால் போதும், அந்த விளிம்பு காலி.

கொட்டகைலேத்:
மூவர் சொன்னதையும் முயன்று பார்த்தேன். கம்பியின் மறுமுனையை டெயில்ஸ்டாக் சென்டரில் (லேத்தின் எதிர்முனையில் உள்ள கூர்த் தாங்கி) தாங்கி, அதே சிஎன்எம்ஜியால் 0.75 மி.மீ. கட் கொடுத்ததும் அலறல் நின்றது. செதில் குறைந்ததே தவிரப் போகவில்லை. சாணை பிடித்த ஹெச்எஸ்எஸ் முதல் முறை உரசியது, பக்கச் சரிவு போதவில்லை போலும். இரண்டாம் முறை எண்ணெயுடன் நன்றாகவே வெட்டியது. முரட்டுக் கட்டுக்குச் சித்தப்பாவின் பெட்டியை வைத்துக்கொண்டு, 09டி304-க்கு 16 மி.மீ. ஹோல்டர் ஒன்று வாங்க எண்ணுகிறேன்.

எண்ணெய்க்கை:
வாங்குங்கள், ஆனால் அதன் நுனி இப்போதைய ஹோல்டரைவிட 4 மி.மீ. தாழ்ந்து நிற்கும். அடியில் அந்த அளவுக்குத் தகடு வைத்து, டெயில்ஸ்டாக் சென்டரின் முனையோடு நுனியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முதல் கட்டைக் கொடுங்கள்.