டிராயரில் கிடந்த பழைய போன்: உங்கள் அனுபவம் என்ன?

வெற்றிலைக்கொடி:
அப்பாவுக்கு 2017லிருந்தே காது கேட்பதில்லை. மிஷின் வைத்தால் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிவிடுவார். யார் என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்பதோடு முடிந்துவிடும். போன தீபாவளிக்கு என் பழைய போனை அவருக்குக் கொடுக்கலாம் என்று செட்டிங்ஸைத் துழாவியபோது, பேசுவதை எழுத்தாக்கித் திரையில் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் கண்ணில் பட்டது. தமிழைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தேன். மகள் ஓடிவந்து, "தாத்தா, எனக்கு நீச்சல் வந்துடுச்சு" என்றாள். அது அப்படியே திரையில் விழுந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்து, "எந்தக் கிணத்துல?" என்றார்.

எத்தனையோ வருஷம் கழித்து அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. இந்த வசதி 2019லேயே வந்துவிட்டதாம். 2021லிருந்து அந்த போன் டிராயரில்தான் கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஏரிக்கரை:
எங்களுக்கு எஃப்எம். மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர், வேளச்சேரி. கரண்ட் இல்லை, டவர் இல்லை. புது போனில் எஃப்எம் கிடையாது, பழையதில் இருந்தது. இயர்போன் வயர்தான் ஆன்டெனா, அதைச் செருகாமல் பாடாது. செருகிவிட்டு ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். இருட்டில் மாடிப்படியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம், ஒரே கரகரப்பு. மேல்வீட்டு அம்மா வயரைப் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கினார், செய்தி தெளிவாகக் கேட்டது. முக்கால் மணி நேரம் அவர் கையை இறக்கவே இல்லை.

மாட்டுக்கொட்டகை:
சினை மாட்டைப் பார்த்துக்கொள்ள பழைய போனை கேமராவாக்கிக் கொட்டகையில் கட்டிவிட்டேன். ராத்திரி இரண்டரை மணிக்கு விழித்து இந்த போனில் பார்த்தால் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிகிறது. இரண்டும் தெரிய வேண்டும். உடனே டாக்டருக்கு போன் போட்டேன். கிடேரிக் கன்று, பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து போன் அங்கேயேதான், ராத்திரி பகலாகச் சார்ஜரில் ஓடுகிறது.

ரிப்பேர் கடை:
மாட்டுக்கொட்டகை அண்ணா, கன்று பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் ராத்திரி பகலாகச் சார்ஜரில் என்பதைப் படித்ததும் பகீரென்றது. என் கடைக்கு வாரம் ஒன்றாவது இப்படி உப்பிய பேட்டரியோடு வருகிறது. ஒருமுறை ஒருவர் போனை மேஜையில் வைத்தார், அது தொட்டில்போல ஆடியது. அவ்வளவு உப்பல். லித்தியம் பேட்டரி நூறு சதவீதத்திலேயே நின்றால் சீக்கிரம் கெடும். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். உங்கள் கொட்டகைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸா? அப்படியென்றால் பகலில் அங்கே வைக்கவே வேண்டாம். சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி செய்யும் வசதி சில போன்களில் உண்டு, செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதியில் தேடுங்கள். இல்லாவிட்டால் டைமர் வைத்த பிளக் வாங்கி, காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். வைக்கோல் பக்கம் கூடவே கூடாது.

அப்புறம் எல்லோருக்கும்: செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் ஆப், யுபிஐ எதுவும் வேண்டாம். அடுத்தவர் கைக்குப் போவதானால் முதலில் கூகுள் அக்கவுண்டை நீக்கிவிட்டு, பிறகு ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய பாஸ்வேர்டு கேட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். வெற்றிலைக்கொடி, அந்த லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப்பிலேயே அப்பா பெயரைச் சேர்த்துவிடுங்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போன் அதிரும்.

வெற்றிலைக்கொடி:
சேர்த்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? "தாத்தா" என்று சேர்த்தேன். சட்டைப் பையில் வைத்திருக்கிறார், அதிர்ந்ததும் கையில் எடுக்கிறார்.

மாட்டுக்கொட்டகை:
ரிப்பேர் கடை தம்பி, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பின்மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. கூரை ஆஸ்பெஸ்டாஸ்தான். கீழே வைக்கோல்.

ரிப்பேர் கடை:
சுவிட்சை அணைத்துவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்கள். மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், கத்தி, ஊசி எதுவும் படக்கூடாது. வெளியே வெறும் சிமெண்ட் தரையில், நிழலில் வையுங்கள். காலையில் பக்கத்துக் கடையில் காட்டிப் பேட்டரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு எடுப்பவர்களிடமே போகட்டும். கேமரா இல்லாத ராத்திரிகளில் கன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.