அக்ரிலிக் பேஸ் வெள்ளையாகிவிட்டது, மீட்க வழி உண்டா?

செம்பூர் சிப்பாய்:
எல்லோருக்கும் வணக்கம். 1803இல் ஆங்கிலேயரும் மராத்தியரும் மோதிய அசாயே போரை மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆட ஒரு படை தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லியின் மதராஸ் சிப்பாய்கள், 28 மி.மீ. உலோக மினியேச்சர்கள். ஆட்டம் கைத்னா ஆற்றைக் கடப்பதில் தொடங்குகிறது. புல் ஒட்டிய பேஸோடு (ஆள் நிற்கும் அடித்தட்டு) ஆற்றின் நடுவே ஆளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் 25 மி.மீ. வட்டத்தில், 3 மி.மீ. தடிமனில், நிறமில்லாத அக்ரிலிக் பேஸ்களை லேசரில் வெட்டி வாங்கினேன்.

பெயின்ட் முடிந்த ஆட்களை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, தூசி படாமலிருக்க டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாள் திறந்தால் காலைச் சுற்றி வெள்ளைப் படலம். நான் பிடித்த இடத்தில் கைரேகைகூட வெள்ளையாகத் தெரிகிறது. சிலவற்றை சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். படலம் போகவில்லை, விளிம்பில் மயிரிழை விரிசல்கள் வந்துவிட்டன. மட்டமான அக்ரிலிக்கா? செருப்பு வார் வரைக்கும் பார்த்துப் பார்த்துத் தீட்டிய ஆட்கள், பிய்த்தெடுக்கவும் பயமாக இருக்கிறது.

மாட்டுங்கா தூரிகை:
தம்பி, அக்ரிலிக்கைக் குறை சொல்ல வேண்டாம். சூப்பர் க்ளூ இறுகும்போது ஆவி கிளம்பும். அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்திலுள்ள பரப்பில் வெள்ளையாகப் படியும். விரல் பட்ட இடத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தடயவியல் துறையில் கைரேகையை வெளிக்கொண்டுவர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மும்பை மழைக்கால ஈரத்தில், அதுவும் மூடிய டப்பாவுக்குள் ஆவி வெளியே போக வழியே இல்லை.

விரிசல் வேறு விஷயம். லேசர் வெட்டும் சூட்டில் விளிம்பில் ஒரு இறுக்கம் தங்கிவிடும். ஆல்கஹால் பட்டதும் அந்த இறுக்கம் விரிசலாக வெடிக்கும். ஸ்பிரிட், சானிடைசர், அசிட்டோன், தின்னர் எதுவும் அக்ரிலிக் அருகே வரக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

இப்போது ஒரு சோதனை. பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு, வெள்ளைப் படலத்தின் மேல் தடவிப் பாருங்கள். உடனே தெளிந்தால் கோளாறு மேற்பரப்பில் மட்டும்தான், மீட்டுவிடலாம். எண்ணெய் பட்டும் கோடுகள் தெரிந்தால் அது விரிசல். அந்த பேஸை மாற்றத்தான் வேண்டும்.

தெளிந்தவற்றைச் சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு கொடுங்கள். எண்ணெய் செய்த வேலையை வார்னிஷ் நிரந்தரமாகச் செய்யும். சொரசொரப்பு அதிகமென்றால் முதலில் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மெதுவாகத் தேய்க்கலாம். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மட்டும் பேஸில் படவே கூடாது, வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

தாணே தளபதி:
சூப்பர் க்ளூவை அடியோடு ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆவி குறைந்த, வாடை வராத வகை கிடைக்கிறது. குண்டூசி முனையளவு வைத்து, திறந்த இடத்தில் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டால் படலம் வராது. என் பிளாஸ்டிக் ஆட்கள் எல்லாம் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மாட்டுங்கா தூரிகை:
பிளாஸ்டிக் ஆளுக்குச் சரி சார், அதற்கு எடையே இல்லை. உலோக ஆளின் இரண்டு பாதங்களும் வழுவழுப்பான அக்ரிலிக்கில் வெறும் பசையை நம்பி நிற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் கழன்றுவிடும். பாதத்திலும் பேஸிலும் துளையிட்டுக் கம்பி செருகி ‘பின்’ போடுவதுதான் முறை.

தம்பி, புதிய பேஸுக்கு இப்படிச் செய்யுங்கள். அக்ரிலிக் மேலுள்ள பாதுகாப்புத் தாளை உரிக்காதீர்கள். ஆளை ஒரு பாட்டில் மூடியில் நிறுத்தி, பெயின்ட், மேட் வார்னிஷ் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு பாதத்தில் 1 மி.மீ. துளை போட்டு, 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். பேஸில் 2 மி.மீ. ஆழம் போதும், அடிவரை போனால் கீழிருந்து பார்க்கும்போது புள்ளியாகத் தெரியும். கை ட்ரில்லில்தான் போட வேண்டும். நாலு சுற்று சுற்றி, வெளியே எடுத்துத் தூளை ஊதிவிட்டு, மறுபடி சுற்றுங்கள். மோட்டார் ட்ரில்லின் வேகத்தில் அக்ரிலிக் உருகி பிட்டோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பிட்டுகளை நாக்தேவி தெருவில் கேட்டுப் பாருங்கள், மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான்.

கம்பி நுனிக்குக் கறுப்பு பெயின்ட் கொடுத்தால் பக்கவாட்டில் மின்னாது. பாதம் படும் இடத்தில் மட்டும் தாளைக் கத்தியால் வெட்டி உரித்து, நிறமில்லாத அரால்டைட் எபாக்சிப் பசையைக் குச்சி முனையில் தொட்டு வையுங்கள். பிதுங்கி வந்தால் இறுகுவதற்குள் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் எடுங்கள். முழுதும் இறுகிய பிறகு மீதித் தாளை உரிக்கலாம். வெயில் விழும் ஜன்னலோரம் அடுக்காதீர்கள், எபாக்சி மஞ்சளாகிவிடும்.

செம்பூர் சிப்பாய்:
அண்ணா, எண்ணெய் சோதனை செய்தேன். பெரும்பாலானவை பளிச்சென்று தெளிந்தன! ஸ்பிரிட் பட்டவற்றில் மட்டும் கோடுகள் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்குப் புது பேஸ் சொல்லப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒட்டிய ஆளைப் பழைய பேஸிலிருந்து எப்படிப் பிரிப்பது? எந்தப் பட்டாலியன் என்ற அடையாளத்தை இந்த பேஸில் எங்கே காட்டுவது?

தாணே தளபதி:
ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுங்கள். குளிரில் சூப்பர் க்ளூ நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆளின் உடம்பைப் பிடிக்காமல் கணுக்காலருகே பிடித்து லேசாகத் திருகினால் பெரும்பாலும் விட்டுவிடும். கரைப்பான் எதையும் தொடாதீர்கள், பெயின்ட் போய்விடும்.

அடையாளத்துக்கு, பேஸின் பின்பக்க விளிம்பில் மட்டும் ஒரு சிறு வில்லாக அக்ரிலிக் பெயின்ட் பூசுங்கள். பட்டாலியனுக்கு ஒரு நிறம். ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்ற தகராறும் ஆட்டத்தில் வராது.

செம்பூர் சிப்பாய்:
நன்றி சார், நன்றி அண்ணா. புது பேஸை 2 மி.மீ. தடிமனில் சொல்லலாமா? ஆற்றில் இன்னும் தெரியாமல் இருக்குமே.

மாட்டுங்கா தூரிகை:
உலோக ஆளுக்கு 3 மி.மீ.யே இருக்கட்டும் தம்பி. 2 மி.மீ.யில் கம்பி பிடிக்க ஆழம் கிடைக்காது.