ஆள் மாறும்போது தகவல் விடுபடுகிறது: பல் கிளினிக் நடத்துபவர்கள் உதவுங்கள்

இரண்டு நாற்காலி, இரண்டு ஷிஃப்ட், மொத்தம் ஆறு பேர். ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்பவர்) விலகிவிட்டார், ஸ்டெரிலைசேஷன் (கருவிகளின் கிருமிநீக்கம்) பார்க்கும் உதவியாளர் மாதக் கடைசியில் போகிறார். யார் வேலையை யார் பார்ப்பது என்பது மாலை ஷிஃப்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. லேபிலிருந்து கிரவுன் (பல்லுக்குப் போடும் உறை) வராமலே நோயாளியை வரவழைத்துவிட்டார்கள். ஆட்டோகிளேவ், அதாவது கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் இயந்திரம், கிருமிகளை உண்மையிலேயே கொல்கிறதா என்று பார்க்கும் வாராந்திர ஸ்போர் டெஸ்டும் விடுபட்டது. இதுதான் பெரிய கவலை: கருவிப் பொட்டலத்தில் ஒட்டும் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம், கிருமி செத்ததற்கு அது சாட்சி இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் போட்டோம்; அப்பாயின்ட்மென்ட் செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. காலையில் பத்து நிமிடக் கூட்டம் வைத்தோம். பகுதிநேர டாக்டர் வருவதே மதியம். சுவரில் ஒட்டிய பொறுப்புப் பட்டியலை ஆள் மாறியதும் யாரும் திருத்தவில்லை.

பொறுப்பை வாங்கிக்கொண்டவரே "என்னிடம் வந்தது" என்று உறுதிசெய்யும்படி, இரு ஷிஃப்டுக்கும் ஒத்துவரும் எந்த முறை உங்கள் கிளினிக்கில் நிலைத்திருக்கிறது?